விளைபொருள் விற்பனையில் மன நிதானமும் தினசரி ஒழுங்கும்

நிலத்தை உழுது, நாற்று நட்டு, களையெடுத்து, நான்கைந்து மாதம் பயிரைக் கண்ணெனக் காக்கும் விவசாயி, அதன் பலனை ஒரே நாளில், ஒரே பேச்சில், பிறர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதை எந்தக் கிராமத்திலும் காணலாம். விதை, எரு, நீர், பூச்சி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டறிவதில் காட்டும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கைக்கூட அவர் விற்பனையில் காட்டுவதில்லை. விலை என்பது அதிர்ஷ்டத்தின் செயல் என்றும், வியாபாரம் வேறொருவர் தொழில் என்றும் ஓர் எண்ணம் நெடுநாளாக வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம்.

இவ்வெண்ணம் தவறானது. மழையையும் ஊர் விலையையும் தனி விவசாயி மாற்ற முடியாதென்பது மெய்யே. ஆயினும், அதே ஊரில், அதே வாரத்தில், அதே ரகத்தை விற்ற இருவரில் ஒருவருக்கு மிச்சமும் மற்றவருக்குக் கடனும் நேர்வதுண்டு. அவ்வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் உண்டாகிறது. ஒன்று, விற்கும்போது உள்ள மனநிலை. மற்றொன்று, விற்பனைக்கு முந்திய சாதாரண நாட்களில் அவர் கைக்கொண்ட ஒழுங்கு. இவ்விரண்டையும் பற்றிய விவரம் கீழே தரப்படுகிறது.

1. அறந்தாங்கிப் பகுதியின் நிலைமை

மேட்டூர் அணைத் திட்டத்தின் ஓர் அங்கமாக வெட்டப்பட்டு 1934-ஆம் ஆண்டு முதல் நீர் தரும் கல்லணைக் கால்வாய், ஏறக்குறைய 148 கிலோமீட்டர் ஓடி மும்பாலை ஏரியில் முடிகிறது. 1974-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்படும் வரை தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அறந்தாங்கி வட்டாரம், இக்கால்வாயின் கடைமடைப் பகுதியாகும். தலைமடையில் நீர் பாய்ந்து பல நாள் சென்ற பிறகே இங்கு நடவு தொடங்கும். ஆதலின் அறுவடையும் பிந்துகிறது. அன்றியும் பல கிராமங்களில் ஒரே காலத்தில் நிகழ்கிறது. அறுவடை இயந்திரம் பரவிய பின்னர், முன்பு ஒரு மாதத்தில் களத்துக்கு வந்த நெல் இப்போது பத்துப் பதினைந்து நாளில் வந்து குவிகிறது. அதுவும் ஈரமாக வருகிறது.

எல்லோரும் ஒருங்கே விற்க முற்படும்போது, வாங்குவோன் கை ஓங்கும். இந்த நெருக்கடி ஆண்டுதோறும் அதே பருவத்தில் வருமென்று யாவரும் அறிவர். அறிந்தும் அதற்குமுன் ஆயத்தம் செய்யாதிருப்பதே குறை.

2. விற்பனையைக் கெடுக்கும் நான்கு மனக்குறைகள்

முதலாவது, அச்சம். வானம் இருண்டாலும், பக்கத்து வீட்டார் மூட்டை கட்டினாலும், "இன்று விட்டால் நாளை இந்த விலையும் இல்லை" என்று தரகர் சொன்னாலும், மனம் கலங்கி உடனே கொடுத்துவிடுதல். இவ்வாறு விற்றவர் பொருளின் தரத்தையோ எடையையோ கேட்பதற்கும் நேரமில்லாமற் போகிறது.

இரண்டாவது, பேராசை. சென்ற ஆண்டு ஒரு நாள் கிடைத்த உச்ச விலையை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குக் குறைந்து கொடுப்பதில்லை என்று கட்டிவைத்தல். எலியும் வண்டும் தின்றது போக, வட்டியும் ஏறியபின், முதலில் கேட்ட விலைக்கும் குறைத்து விற்க நேரும்.

மூன்றாவது, கூச்சம். பத்து ஏக்கர் நிலமுடையவர் தம் தேங்காயை அல்லது காய்கறியைத் தாமே கொண்டுபோய் விலை பேசுவதைக் கௌரவக் குறைவாகக் கருதுகிறார். வாங்குவோர் "வேண்டாம்" என்று ஒரு முறை சொன்னால் அதைத் தமக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்கிறார். வியாபாரியோ ஒரு நாளில் இருபது தடவை "வேண்டாம்" என்று கேட்டுவிட்டு, இருபத்தோராவது ஆளிடம் அதே இன்முகத்துடன் பேசுகிறார். மறுப்பு என்பது பொருளுக்கும் விலைக்கும் சொல்லப்பட்டதேயன்றி மனிதருக்குச் சொல்லப்பட்டதன்று. இதை உணர்ந்தவரே விற்பனையில் தேறுவார்.

நான்காவது, கடப்பாடு. நடவுக் காலத்தில் முன்பணம் வாங்கி, விளைச்சலை இன்னாருக்கே தருவதாக வாக்களித்துவிடுதல். அறுவடை நாளில் அவருக்கு விலை பேசும் உரிமை இல்லை. அது முன்பணம் கைமாறிய அன்றே போய்விட்டது. இது மனக்குறை மட்டுமன்று, பணத்தட்டுப்பாட்டின் விளைவுமாகும். ஆயினும், தேவைக்கு மேல் வாங்கும் முன்பணத்தில் பெரும்பகுதி விசேஷச் செலவுக்கே போவதைப் பலர் தம் கணக்கைப் பார்த்தால் தாமே காண்பர்.

3. அச்சத்தை நீக்குவது கணக்கு

மனதைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்லுவது எளிது. திடம் வருவதற்கு வழி கணக்கே. கீழ்க்கண்ட உதாரணத்தில் விலைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொள்ளப்பட்டவை.

ஒருவரிடம் 6,000 கிலோ நெல் இருக்கிறது. ஈரப்பதம் 20 சதவீதம். வயலிலேயே வியாபாரி கிலோவுக்கு ரூ.19 தருவதாகச் சொல்கிறார். அதாவது ரூ.1,14,000. இதையே 16 சதவீதத்துக்குக் காயவைத்தால் நீர் போவதால் எடை 5,714 கிலோவாகக் குறையும். காய்ந்த நெல்லுக்கு விலை ரூ.22 ஆனால் கிடைப்பது ரூ.1,25,708. காயவைக்கும் கூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் ரூ.4,000 போனாலும், ஏழாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் காய்ந்த நெல்லுக்கு விலை ரூ.20 மட்டுமே என்றால் கிடைப்பது ரூ.1,14,280. கூலியைக் கழித்தால் நஷ்டமே. அப்பொழுது ஈர நெல்லை வயலிலேயே கொடுப்பது புத்திசாலித்தனம்.

ஆகவே, "காயவைத்து விற்பதே எப்போதும் நல்லது" என்பதும் சரியன்று. "வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம்" என்பதும் சரியன்று. இக்கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தவருக்கு அச்சமும் இல்லை, வீண் பிடிவாதமும் இல்லை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீத ஈரப்பதமே பொது விதி. மழை மிகுந்த சில ஆண்டுகளில் மத்திய அரசு இதைத் தளர்த்தியதுண்டு. ஆனால் தளர்வை நம்பி ஈர நெல்லுடன் வரிசையில் நிற்பது விவேகமன்று.

4. பொறுமைக்கும் விலையுண்டு

விலை ஏறட்டும் என்று காத்திருப்பதற்கும் இதே போலக் கணக்கு வேண்டும். ஒரு லட்ச ரூபாய் பெறுமான நெல்லை மூன்று மாதம் வைத்திருப்பவருக்கு அதே தொகைக்குத் தனியார் கடன் இருக்குமாயின், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வீதம் வட்டி ரூ.6,000 ஆகும். எலி, வண்டு, உலர்வு ஆகியவற்றால் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தால், இன்று ரூ.22 விற்கும் நெல் மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய ரூ.23.80 விற்றால்தான் சரிக்குச் சரி. அதற்கு மேல் ஏறினாலன்றிக் காத்திருந்ததில் இலாபமில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பங்கைக் குறைந்த வட்டியில் பொருளீட்டுக் கடனாகப் பெறும் வசதி உள்ளது. அவசரச் செலவுக்காக முழு விளைவையும் மலிந்த விலைக்குக் கொடுப்பதை இது தடுக்கும். எனினும், அனுபவமுள்ளவர்கள் கையாளும் வழி இன்னும் எளியது: விளைவை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை அறுவடையிலும், ஒரு பங்கைச் சில வாரம் கழித்தும், கடைசிப் பங்கைப் பருவ முடிவிலும் விற்பது. உச்ச விலை முழுவதற்கும் கிடையாது. வீழ்ச்சியும் முழுவதையும் தாக்காது. இத்தீர்மானத்தை அறுவடைக்கு முன்பே, மனம் அமைதியாயிருக்கையில், எழுதி வைத்துவிட வேண்டும். களத்தில் தரகர் முன் நின்று செய்யும் தீர்மானம் தம் தீர்மானமாக இராது.

5. நாள்தோறும் விற்பவர்களிடம் கற்க வேண்டியது

ஆண்டுக்கு ஒருமுறை விற்பவரைவிட நாள்தோறும் விற்பவரே இத்தொழிலில் தேர்ச்சி பெறுகிறார். அறந்தாங்கிக்கு அண்மையிலுள்ள கீரமங்கலத்தைச் சுற்றிய கிராமங்களின் பூ விவசாயிகள் இதற்குச் சான்று. மல்லிகை மொட்டை மலருமுன் பறித்தாக வேண்டும். பொழுது விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, வெயில் ஏறுமுன் கடைக்கு எடையிட்டுச் சேர்த்தாக வேண்டும். இன்று விலை பிடிக்கவில்லையென்று நாளைக்கு வைத்திருக்க இயலாது. முகூர்த்த நாளில் பல மடங்கு ஏறும் விலை, மறுநாளே சரியும். விலை சரிந்த நாளிலும் பறிக்காமல் விட்டால் செடி கெடும், வாடிக்கையும் கெடும்.

ஆதலின் பூ விவசாயி ஒரு நாள் விலையைக் கண்டு குதிப்பதுமில்லை, ஒரு நாள் விலையைக் கண்டு சோர்வதுமில்லை. மாதத்தின் மொத்த வரவைப் பார்க்கிறார். தம் கையிலுள்ளவை எவையோ அவற்றை, அதாவது பறிக்கும் நேரம், மொட்டின் பக்குவம், சரியான எடை, சொன்ன வேளைக்குச் சேர்ப்பது ஆகியவற்றைத் தவறாமல் செய்கிறார். கையில் இல்லாத விலையைப் பற்றிப் புலம்பிப் பொழுதைக் கழிப்பதில்லை. விற்பனைக்குரிய மனநிலை இதுவே. நெல், கடலை, தேங்காய் விவசாயிகளும் இதனைக் கைக்கொள்ளலாம்.

6. செட்டிநாட்டுக் கடைகளின் பழக்கம்

அறந்தாங்கிக்குத் தென்மேற்கே காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டிலிருந்து பர்மா, மலேயா, இலங்கை முதலிய தேசங்களுக்குச் சென்று தொழில் நடத்திய நகரத்தார், தம் பிள்ளைகளையும் உறவினரையும் பழக்கிய முறை இங்குக் குறிப்பிடத்தக்கது. பையன் முதலில் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். எடுபிடி வேலை செய்து, கணக்கைப் படியெடுத்து, பிறகு அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக உயர்ந்து, கடையை நடத்தும் முகவராவான். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கும் இப்பழக்கம் உண்டு. அன்றன்று நடந்த வரவு செலவைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை பார்ப்பது அவர்களின் வழக்கம். கடல் கடந்த ஊரில் நடந்ததை ஊரிலிருக்கும் முதலாளி அறிந்தது இவ்வேடுகளாலேயே. இதில் ரகசியம் ஏதுமில்லை. நாள் தவறாமை ஒன்றே அதன் பலம்.

7. விவசாயிக்குரிய தினசரி ஒழுங்கு

விற்பனைக்கென்று காலையில் கால் மணியும் மாலையில் கால் மணியும் ஒதுக்கினால் போதும்.

(அ) காலையில் விலை விசாரித்தல். ஒரே தரகரிடம் கேட்பது விசாரணையாகாது. குறைந்தது இரண்டு இடங்களில் கேட்க வேண்டும். 2018-ஆம் ஆண்டில் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியில் சந்தை விலைகள் காணக்கிடைக்கின்றன. கேட்ட விலையைத் தேதியுடன் நோட்டில் எழுதுக. ஒரு ஆண்டு எழுதினால், எந்த மாதத்தில் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்பது பிறர் சொல்லாமலே விளங்கும்.

(ஆ) பொருளைப் பார்த்தல். காயும் பொருளைக் கிளறுவது, குதிரைத் தட்டிப் பார்ப்பது, நனைவு உண்டா, வண்டு உண்டா எனக் கவனிப்பது தினசரி வேலையாக வேண்டும். நெல்லைக் கொளுத்தும் வெயிலில் மெல்லப் பரப்பிக் கிளறாமல் விட்டால் மணி வெடித்து, அரைக்கும்போது நொய்யாகும்.

(இ) வீட்டிலேயே எடை போடுதல். மூட்டை வெளியே போகுமுன் எடையிட்டு எழுதி வைத்தவரிடம் எடைக் குறைவு பேசப்படுவது அரிது. தேங்காய் விற்போர் நூற்றுக்குக் கூடுதலாகத் தரும் காய்களையும் கணக்கில் சேர்த்து, ஒரு காயின் மெய்யான விலை என்ன என்று பார்க்க வேண்டும்.

(ஈ) மாலையில் கணக்கெழுதுதல். உழவுக் கூலி முதல் சாக்கு வரை எழுதினாலன்றித் தம் நெல்லின் அடக்க விலை யாருக்கும் தெரியாது. அடக்க விலை அறியாதவர் பேரம் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வழி நடப்பதை ஒக்கும்.

(உ) சொல் காத்தல். மேலே நல்லதைப் பரப்பிக் கீழே மட்டத்தைக் கட்டியவருக்கு ஒரு முறை இலாபம் கிடைக்கலாம். மறுமுறை அவர் மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்ப்பார்கள். சொன்ன நாளில், சொன்ன தரத்தில் கொடுப்பவரின் பொருளுக்கு விலை மந்தமான காலத்திலும் கேட்பார் உண்டு.

8. தரம் பிரித்தலின் பயன்

நிலக்கடலையில் இது மிக அவசியம். ஈரம் போகாமல் குவித்த கடலையில் பூஞ்சணம் பிடித்து, அபிளாடாக்சின் என்னும் விஷம் உண்டாகிறது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதை ஆராய்ந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்தே இவ்விஷம் முதன்முதல் அறியப்பட்டது. அன்று முதல் பல தேசங்கள் கடலைக்கு இவ்விஷயத்தில் கடும் வரம்பு விதித்துள்ளன. காய்களை 8 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி, வெடித்ததையும் சுருங்கியதையும் கறுத்ததையும் தனியே பிரித்தால், நல்ல குவியலுக்கு நல்ல விலை கேட்கத் துணிவு பிறக்கும். பிரிக்காத குவியலுக்கு வியாபாரி விலை சொல்லும்போது அதிலுள்ள மட்டமான காயைப் பார்த்தே சொல்வார்.

9. தனியாக நில்லாமை

முற்காலத்தில் துணியை மறைத்து விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கமிருந்தது. விற்பவருக்கே தம் பொருள் என்ன விலைக்குப் போயிற்றென்பது பிறகுதான் தெரியும். மாதிரி என்றும், தரகு என்றும், மகமை என்றும் பிடித்தம் பல. 1928-ஆம் ஆண்டில் அறிக்கை தந்த ராயல் விவசாயக் கமிஷன் ஒழுங்குபட்ட சந்தைகள் வேண்டுமென்று சொல்லிற்று. அதன்பின் 1933-இல் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் நிறைவேறி, 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்பட்டது. அறந்தாங்கியிலும் இத்தகைய கூடம் உள்ளது. மறைமுக ஏலம், சரியான தராசு, வாங்குவோரிடமே வசூலிக்கப்படும் கட்டணம் ஆகியவை அதன் அனுகூலங்கள். காய்கறி விளைப்போர் நுகர்வோருக்கு நேரே விற்பதற்காக 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் பின்னர் மாநிலமெங்கும் பரவின.

இவ்வசதிகள் யாவும் ஒழுங்குள்ளவருக்கே பயன்படும். ஏல நாளன்று ஈரக் கடலையுடனும் கலப்பு நெல்லுடனும் வருபவருக்குக் கூடமும் நல்ல விலை தர இயலாது.

10. பெருஞ்சேதத்துக்குப் பின்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல் இப்பகுதியின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. பல ஆண்டு வளர்த்த மரம் விழுந்தால், புதுக்கன்று காய்ப்பதற்கும் பல ஆண்டு செல்லும். அத்தகைய காலத்தில் மன உறுதி என்பது துக்கத்தை மறைப்பதன்று. அன்றைக்குச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்வதாகும். கன்றுகளுக்கிடையே உளுந்தோ கடலையோ காய்கறியோ பயிரிட்டு, வாரந்தோறும் சிறிதேனும் விற்று வரவு காண்பவருக்கு, இடைக்காலக் கடனும் குறையும், சந்தையோடுள்ள தொடர்பும் அறாது. தென்னையை மட்டும் நம்பி ஆண்டில் சில முறையே விற்றுப் பழகியவருக்கு இந்தச் சிறு விற்பனை முதலில் கடினமாகத் தோன்றும். சில வாரத்தில் பழகிவிடும்.

11. கிராம அதிகாரிகள் செய்யக்கூடியவை

கொள்முதல் நிலையத்தில் நெல் விற்கச் சிட்டாவும் அடங்கலும் தேவை. 1980-ஆம் ஆண்டில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் நீக்கப்பட்ட பின் இப்பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரைச் சார்ந்தது. அடங்கலில் சாகுபடியை உரிய காலத்தில் பதிவு செய்து, அறுவடைக்கு முன்பே சான்று கிடைக்கச் செய்தால், விவசாயி காகிதத்துக்காக அலையும் நாட்களில் நெல் மழையில் நனையாது. குத்தகைதாரர்களுக்கு இது இன்னும் அவசியம். பொதுக் களங்களைச் செப்பனிட்டு வைப்பதும், விலை விவரத்தை ஊர்ச் சாவடியில் தினமும் எழுதிப் போடுவதும், சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றிச்செல்லத் தூண்டுவதும் செலவில்லாத உதவிகளாகும்.

12. சுருக்கம்

(1) அடக்க விலை தெரியாமல் விலை பேச வேண்டாம்.
(2) எப்போது, எவ்வளவு விற்பது என்பதை அறுவடைக்கு முன்பே எழுதி வைக்க.
(3) நாள்தோறும் இரண்டு இடத்து விலையை விசாரித்துக் குறிக்க.
(4) காயவைத்து, தரம் பிரித்து, வீட்டில் எடையிட்ட பின்பே மூட்டையை வெளியே அனுப்புக.
(5) காத்திருக்கும் காலத்துக்கு வட்டியையும் சேதத்தையும் கணக்கிடுக.
(6) விளைச்சலைக் கட்டுப்படுத்தும் முன்பணத்தைத் தவிர்க்க.
(7) மறுப்பை அவமானமாகக் கொள்ளாமல், கொடுத்த சொல்லைக் கடனாகக் கொள்க.

ஏர் பிடிப்பது ஒரு நாளில் வந்த பழக்கமன்று. விற்பனைப் பழக்கமும் அவ்வாறே. வரும் தை மாத அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அன்றைய விலையை முதல் வரியாக எழுதத் தொடங்குபவர், களத்தில் மூட்டை கட்டும் நாளில் அதன் பயனை அறிவார்.